மரத்து மேல் நின்று அறுக்க எந்த டாப் ஹேண்டில் மிஷின்? 35 சிசியா, 25 சிசியா, பேட்டரியா?

கொப்புவெட்டி

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் மரம் கழிக்கிற வேலை எடுத்துச் செய்கிறோம், சின்னக் குழுதான். பாதி வேலை கே.கே. நகர், அண்ணாநகர்ப் பக்கம் காம்பவுண்டுக்குள் நிற்கிற வேம்பு, புங்கை, மா. மீதி மேலூர், நத்தம் சாலைப் பக்கம் தோப்பு, வரப்பில் நிற்கிற புளி. கீழே துண்டு போட 45 சிசி செயின் ரம்ப மிஷின் இருக்கிறது. அதை மேலே ஏற்றுவதில்லை. ஏறுகிறவருக்கு இதுவரை அரிவாளும் கைரம்பமும்தான்.

இப்போது மேலே கொண்டுபோக ஒரு டாப் ஹேண்டில் மிஷின், அதாவது கைப்பிடி மேலே இருக்கிற சின்னச் செயின் ரம்பம், வாங்கலாம் என்றிருக்கிறோம். ஒரு கடையில் ஸ்டில் எம்எஸ் 201 டி வாங்குங்கள், காலத்துக்கும் நிற்கும் என்கிறார்கள். இன்னொரு கடையில் 25 சிசியே போதும் என்கிறார்கள். ஒரு நண்பர் பெட்ரோலே வேண்டாம், பேட்டரிக்குப் போ என்கிறார். கையில் வைத்து வேலை பார்க்கிறவர்கள் சொன்னால் நல்லது. விளம்பரத்தில் இருப்பது எனக்கும் படிக்கத் தெரியும்.

பட்டறை மேலூர்

தம்பி, முதலில் எடையிலிருந்து தொடங்குவோம். மரத்தின் மேல் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கம்பெனி போட்டிருக்கிற எடை, பார் (செயின் ஓடுகிற நீளத் தகடு), செயின், பெட்ரோல், ஆயில் எதுவும் இல்லாத வெறும் மிஷினின் எடை. எம்எஸ் 201 டி 35.2 சிசி, 1.8 கிலோவாட், 3.7 கிலோ. 12 அங்குல பார், செயின் போட்டு, டேங்க் இரண்டையும் நிரப்பினால் ஏறக்குறைய ஒரு கிலோ கூடும். ஹஸ்க்வர்னா டி540 எக்ஸ்பி 37.7 சிசி, அதுவும் 1.8 கிலோவாட், 3.9 கிலோ. இந்த இரண்டும் ஒரே வகுப்பு. எது நல்லது என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். இரண்டிலும் காற்று, பெட்ரோல் அளவை மிஷின் தானே சரிசெய்துகொள்கிறது. ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருகுகிற வேலை இல்லை. அது நல்லதும்தான், கெட்டதும்தான். ஓடும்வரை ஓடும், நின்றால் டீலரிடம் கம்ப்யூட்டரில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். என்னைப் போன்ற பட்டறைக்காரன் பிளக்கைத் துடைத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அதற்குக் கீழே ஒரு படி இருக்கிறது. அதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. எம்எஸ் 194 டி: 31.8 சிசி, 1.4 கிலோவாட், 3.3 கிலோ. ஹஸ்க்வர்னா டி435: 35.2 சிசி, 1.5 கிலோவாட், 3.4 கிலோ. இவை சாதாரண கார்புரேட்டர் வகை. கையால் டியூன் செய்யலாம். நம் ஊரில் ஒரு மிஷின் பத்து கை மாறும் என்பதால் இதை நான் குறையாக நினைக்கவில்லை.

இன்னும் கீழே எம்எஸ் 150 டி: 23.6 சிசி, 1 கிலோவாட், 2.6 கிலோ. எக்கோ 2511டி: 25 சிசி, 2.3 கிலோ. எடையைப் பாருங்கள். 201-க்கும் 150-க்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம். காலையில் அது தெரியாது. மதியம் மூன்று மணிக்கு, வலது கையை நீட்டி ஒரு கொப்பின் அடியை அறுக்கும்போது தெரியும்.

உங்கள் வேலைக்கு என்ன அளவு கொப்பு? மேலே போய் அறுப்பதில் பெரும்பாலானது மணிக்கட்டு கனத்திலிருந்து தொடை கனம் வரைதான் இருக்கும். வேம்பும் புங்கையும் அந்தக் கனத்தில் 25 சிசிக்கு ஒரு பொருட்டே இல்லை. புளி வேறு கதை. காய்ந்த புளி வைரத்தில் 25 சிசி மிஷினை வைத்தால் அழுத்தத் தோன்றும். அழுத்தினால் செயின் சூடாகும், பார் தேயும், அதைவிட ஆள் சோர்ந்துபோவார்.

வைகைக்கரை

பேட்டரிக்காரன் வந்துவிட்டேன்.

நான் ஸ்டில் எம்எஸ்ஏ 161 டி வைத்திருக்கிறேன். 36 வோல்ட். பேட்டரி இல்லாமல் 2.1 கிலோ. இதைச் சொல்லித்தான் விற்பார்கள். பேட்டரியைச் சேருங்கள்: ஏபி 200 போட்டால் 1.3 கிலோ, ஏபி 300 எஸ் போட்டால் 1.8 கிலோ. ஆக பெரிய பேட்டரியோடு 3.9 கிலோ, பார் செயின் தனி. எடை குறைவு என்பதற்காகப் பேட்டரிக்கு வராதீர்கள். ஹஸ்க்வர்னா டி535ஐ எக்ஸ்பியும் அப்படித்தான்: 2.4 கிலோவோடு பேட்டரி 1.3 கிலோ.

பிறகு ஏன் வைத்திருக்கிறேன்? மேலே இருக்கும்போது கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யும் வேலை இல்லை. ஒரு கொப்பை அறுத்துவிட்டு அடுத்த கொப்புக்கு நகரும்போது மிஷின் ஓடிக்கொண்டிருக்காது. பெட்ரோல் மிஷினை ஐடிலில் விட்டு இடுப்பில் தொங்கவிட்டு நகர்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சைலன்சர் கொதிக்கிறது, பக்கத்தில் தொங்குவது நீங்கள் தொங்குகிற கயிறு. ஹார்டுவேர் கடையில் விற்கிற மஞ்சள், நீலப் பிளாஸ்டிக் கயிறு 165 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். சைலன்சரின் சூடு அதைவிட ரொம்ப அதிகம்.

இன்னொன்று, பேச்சுக் கேட்கும். கீழே கயிறு பிடிப்பவர் "நில்லு, ஆள் வருது" என்று கத்தினால் எனக்குக் கேட்கிறது. அண்ணாநகர் தெருவில் சந்துக்குச் சந்து பைக் நுழையும். மருத்துவமனை, பள்ளிக்கூடம் பக்கத்து வேலை என்றால் இந்தச் சத்தமில்லாத மிஷினுக்காகவே கூப்பிடுகிறார்கள்.

குறை என்ன என்றால், சித்திரை வெயில். காலியான பேட்டரியை வெயிலில் கிடந்த சூட்டோடு சார்ஜரில் மாட்டினால் அது ஆறும்வரை சார்ஜ் ஏறாது. நிழலில், காற்றோட்டமாக வைக்க வேண்டும். தோட்டத்தில் கரண்ட் இல்லை என்றால் ஜெனரேட்டர் வேண்டும். அப்புறம் செயின் வேகம்: 161 டி-யில் விநாடிக்கு 16 மீட்டர், டி535ஐ-யில் 20. முதலாவது புளியில் நிதானமாகத்தான் போகும்.

கொப்புவெட்டி

நன்றி அண்ணே. பேட்டரி எடைக் கணக்கை இதுவரை யாரும் எனக்கு இப்படிக் கூட்டிச் சொன்னதில்லை.

'2500' என்று எழுதிய 25 சிசி சீன மிஷின் நிறைய கிடைக்கிறதே, அது பற்றி என்ன நினைக்கிறீர்கள்? ஒரு நல்ல மிஷின் விலைக்கு அதில் நாலைந்து வாங்கலாம்.

பட்டறை மேலூர்

அந்த வடிவம் ஜப்பான் ஜெனோவா ஜி2500-ஐப் பார்த்துச் செய்தது. 25.4 சிசி. எஞ்சின் மோசமில்லை, உதிரி பாகமும் மலிவு. ஆனால் எந்தக் கம்பெனி எப்படிச் செய்திருக்கிறது என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியும். என்னிடம் வந்தவற்றில் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று செயின் பிரேக். முழு ஆக்சிலேட்டரில் ஓடும்போது மணிக்கட்டால் முன்தடுப்பைத் தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு ஓடி நின்றால் அதை மரத்தில் ஏற்றாதீர்கள். இரண்டாவது, ஐடிலில் செயின் சுற்றக் கூடாது. கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்தால் சுற்றும். இடுப்பில் தொங்குகிற மிஷினில் செயின் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

கீழே நின்று தென்னை மட்டை, சிறு கிளை துண்டு போட அந்த மிஷின் பரவாயில்லை. மேலே ஏறுகிறவரின் கையில் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். நாலு மிஷின் வாங்கலாம் என்கிற கணக்கு, ஆளுக்கு ஒரு கைதான் வலது கை என்பதை மறந்துவிடுகிறது.

புதுக்கயிறு

இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. இந்த மிஷின்களை எல்லோரும் ஒற்றைக் கையில்தான் பிடிக்கிறார்கள். அதற்காகத்தானே கைப்பிடியே மேலே இருக்கிறது?

லைன்மேன் ஓய்வு

இல்லை தம்பி. கைப்பிடி மேலே இருப்பது மிஷின் குட்டையாக இருக்கவும், உடம்புக்குப் பக்கத்தில் வைத்து அறுக்கவும், நெருக்கமான கவட்டையில் நுழையவும். முன்னால் இன்னொரு கைப்பிடி இருக்கிறதே, அது இடது கைக்கு. பயிற்சி பெற்ற மரம் ஏறுபவர்கள் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருப்பது இதனால்தான். இரண்டு கைப்பிடியும் கிட்டக் கிட்ட இருப்பதால், பார் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டு மிஷின் எகிறும்போது அடக்குவதற்குப் பிடிமானம் குறைவு. பெரிய மிஷினை விட இதுதான் கையில் நிற்காது.

ஒற்றைக் கையில் பிடிப்பவர் மற்றக் கையால் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அறுக்கிற கொப்பையே பிடித்திருப்பார். எகிறுகிற செயின் போகிற வழியில் அந்தக் கை இருக்கிறது.

இரண்டு கையும் மிஷினுக்குப் போய்விட்டால் உடம்பை யார் பிடிப்பது? கயிறு. அதனால் மிஷின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்னால் இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும்: மேலே கவட்டையில் போட்ட ஏறுகயிறு ஒன்று, இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிக் கட்டுகிற, உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிற லேன்யார்ட் என்ற குட்டைக் கயிறு ஒன்று. ஒன்றைச் செயின் தொட்டாலும் மற்றது இருக்கும். 201 வாங்குவதா டி540 வாங்குவதா என்று யோசிக்கிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவிடுங்கள்.

அப்புறம், நான் இத்தனை வருஷம் பார்த்த வேலை கரண்ட் கம்பி. அது பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். கம்பிக்குப் பக்கத்து மரம் என்றால் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளைப் பார்த்து "இன்னைக்குத்தான் கரண்ட் இல்லையே" என்று ஏறிவிடுகிறார்கள். பேப்பரில் போட்டால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எல்.சி. (லைனில் வேலை பார்க்க மின்வாரியம் தரும் அனுமதி) வாங்கி, லைனைத் துண்டிக்கிற ஏ.பி. ஸ்விட்ச் திறந்து, கம்பியை மண்ணோடு இணைக்கிற எர்த் ராடு போட்ட பிறகுதான் அது செத்த கம்பி. ஏதாவது ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அந்தக் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி 11 கேவி கம்பிக்கே ஏறும். பச்சைக் கொப்பு கரண்டைக் கடத்தும். பேட்டரி மிஷினாக இருந்தாலும் பெட்ரோல் மிஷினாக இருந்தாலும் கம்பிக்கு ஒன்றுதான். மின்வாரிய ஆட்கள் உடன் இல்லாமல் அந்த வேலையை எடுக்காதீர்கள்.

சிறுமலை மிளகு

எங்கள் மலைக்கதையும் கேளுங்கள். காப்பிக்கு நிழல் கவாத்து கோடை மழைக்குப் பிறகு, தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பதற்கு முன் முடிக்க வேண்டும். சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். மரத்தில் குத்தி ஏறுகிற இரும்பு முள்ளைக் காலில் கட்டி ஏறினால் கொடி போய்விடும். அதனால் ஏணிதான், அப்புறம் கயிறு. பெரிய மிஷினை இங்கே யாரும் விரும்புவதில்லை. ஒரு மரத்தில் அறுக்கிறது நாலு கொப்பு, அடுத்த மரம், அடுத்த மரம். ஒரு நாளில் ஏறி இறங்குவதுதான் வேலை, அறுப்பது இரண்டாவது. எங்களுக்கு 150 டி போதும் என்று ஆகிவிட்டது.

அதன் செயின் கால் அங்குல பிட்ச் (செயின் கண்ணியின் அளவு). பல் சின்னது, வெட்டு மெல்லியது. மெல்லிய வெட்டு என்பதால் ஒரு கிலோவாட்டிலும் அறுக்கிறது. ஆனால் கல், மண் பட்டால் பல் சீக்கிரம் போய்விடும்.

பட்டறை மேலூர்

செயின் பேச்சு வந்ததால் கொஞ்சம் நீட்டுகிறேன். மிஷின் எதுவானாலும் நீங்கள் தினமும் சண்டை போடப்போவது செயினோடுதான்.

201, 194, டி540, டி435 எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் 3/8 அங்குல லோ புரொஃபைல் செயின். அதற்கு 4 மில்லி உருண்டை அரம். கால் அங்குல பிட்சுக்கு 3.2 மில்லி. உங்கள் பெரிய மிஷின் .325 பிட்ச்சாக இருந்தால் அதற்கு 4.8 மில்லி. மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் அவசரத்தில் தப்பான அரத்தை எடுத்து பல்லின் கொக்கியைக் கெடுத்துவிடுவீர்கள்.

புளி பற்றி இன்னும் ஒன்று. சாலையோரப் புளியில் ஆணி இல்லாத மரம் இல்லை. விளம்பரத் தகடு, ரிஃப்ளெக்டர், கம்பிக்கட்டு, தேர்தல் போர்டு, எல்லாவற்றையும் மரம் விழுங்கி மூடியிருக்கும். ஆள் உயரத்துக்கு மேலே போனால் குறையும், அதனால் மேலே ஏறுகிற மிஷின் ஓரளவு தப்பிக்கும். ஆனாலும் பட்டையில் படிந்த சாலைத் தூசியே செயினைத் தின்னும். அரை நாளில் பவுடர் மாதிரித் தூள் வர ஆரம்பித்தால் அரம் போட வேண்டிய நேரம். சீவல் சீவலாக வந்தால் செயின் நன்றாக இருக்கிறது.

தீட்டுகிறவர்கள் பல்லை மட்டும் தீட்டிவிட்டு அதன் முன்னால் இருக்கிற குட்டைப் பல்லை விட்டுவிடுகிறார்கள். 3/8-இல் வெட்டுப் பல்லுக்கும் அதற்கும் 0.65 மில்லி இடைவெளி. அதைவிடக் குறைந்தால் மிஷின் அழுத்தினாலும் அறுக்காது. கூடினால் கவ்வி இழுக்கும், எகிறும். மேலே ஒற்றைக் காலில் நிற்கிறவருக்கு இரண்டாவதுதான் ஆபத்து.

பழைய எஞ்சின் ஆயிலைப் பார் ஆயிலாக ஊற்றாதீர்கள். அதில் இருக்கிற இரும்புத்தூள் ஆயில் பம்பை அரிக்கும். சின்ன மிஷினின் பம்ப் சின்னது, சீக்கிரம் போய்விடும்.

பெட்ரோலும் முன்பு போல இல்லை. இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் கார்புரேட்டர் டயஃப்ரம் விறைத்துப்போகும், ட்யூப் ஊறும். வேலை இல்லாத சமயம் டேங்கைக் காலி செய்து, மிஷின் தானாக நிற்கும்வரை ஓட்டி வையுங்கள். கலவை நல்ல டூ-டி ஆயில் என்றால் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சீன மிஷினின் தாளில் 25-க்கு 1 என்று இருந்தால் அதற்குத் தனி கேன் வையுங்கள்.

புதுக்கயிறு

கொப்பை எப்படி அறுத்து விழவைப்பது என்றும் யாராவது சொல்லுங்களேன். இரண்டு கையும் மிஷினில் என்றால் கொப்பை யார் தள்ளுவது?

வைகைக்கரை

சின்னக் கொப்புக்கு இரண்டு வெட்டுப் போடுகிறோம். ஒரு பக்கத்திலிருந்து பாதிக்கு மேல், எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி அதே போல. இரண்டும் ஒன்றையொன்று தாண்டியிருக்க வேண்டும், ஆனால் சந்திக்கக் கூடாது. கொப்பு அப்படியே நிற்கும். மிஷினை நிறுத்தி, இடுப்பில் மாட்டிவிட்டு, இரண்டு கையாலும் முறித்து எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் எறியலாம். பேட்டரி மிஷினில் இது சுகம்.

கனமான பச்சைக் கொப்பு என்றால் முதலில் அடியிலிருந்து கொஞ்சம், பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து. இல்லையென்றால் பட்டை தூர்வரை கிழிந்துகொண்டு போகும். மிச்சக் கட்டையை, கொப்பு மரத்தோடு சேருகிற இடத்தில் இருக்கிற கழுத்துப் புடைப்பை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். மரத்தோடு ஒட்டச் சீவினால் வீட்டுக்காரருக்குப் பார்க்க அழகாக இருக்கும், வேம்பு அந்த இடத்தில் வருஷக்கணக்கில் ஆறாது.

குல்மோகரிலும் தூங்குமூஞ்சியிலும் இந்தக் கணக்கெல்லாம் நம்பாதீர்கள். நினைப்பதற்கு முன்னால் முறியும்.

லைன்மேன் ஓய்வு

மிஷினைக் கட்டுகிற கயிறு பற்றி யாரும் சொல்லவில்லை. டாப் ஹேண்டிலில் பின்னால் வளையம் இருக்கும், அதில்தான் கட்ட வேண்டும், கைப்பிடியில் இல்லை. அந்தக் கயிறு அதிக இழுப்பு வந்தால் அறுந்துவிடுகிற வகையாக இருக்க வேண்டும். பார் வெட்டில் மாட்டிக்கொண்டு கொப்பு விழும்போது மிஷினையும் இழுத்துக்கொண்டு போகும். தடித்த கயிற்றில் கட்டியிருந்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். மிஷின் போனால் போகட்டும்.

கொப்புவெட்டி

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எங்கள் குழுவில் மூத்தவரிடம் படித்துக் காட்டினேன். "மிஷினை விடு, அந்தக் கம்பி வைத்த லேன்யார்டை முதலில் வாங்கு" என்றார்.

செயின் தடுக்கிற கால்சட்டை பற்றிக் கேட்டால் கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. யாராவது போடுகிறீர்களா? இந்த வெயிலில் முடியுமா?

வைகைக்கரை

அந்தக் கால்சட்டையில் கிளாஸ் 1 என்றால் விநாடிக்கு 20 மீட்டர் செயின் வேகம் வரை தாங்கும். டைப் ஏ முன்பக்கம் மட்டும், டைப் சி சுற்றிலும். மரம் ஏறுகிறவர்களுக்கு டைப் சி சொல்வார்கள். உண்மையைச் சொன்னால் மே மாதத்தில் அதைப் போட்டு ஏறுவது கொடுமை. நாங்கள் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்துப் பதினொரு மணிக்குள் மேல்வேலையை முடித்துவிடுகிறோம். மதியம் கீழே துண்டு போடுவது மட்டும், அதற்கு முன்பக்கம் கட்டுகிற சாப்ஸ் போதும்.

சிறுமலை மிளகு

கட்டணம் பேசும்போதே வெயில் நேரத்தைக் கழித்துத்தான் பேச வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் பன்னிரண்டு மணிக்கு "என்னப்பா இறங்கிட்டீங்க" என்பார்.

இன்னொன்று, அரசு நிலம், சாலையோரம் என்றால் மரத்தைத் தொடுவதற்கு முன் மாவட்டப் பசுமைக் குழு அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டர் வாயால் சொன்னது பிறகு உதவாது.

கொப்புவெட்டி

சரி, எங்கள் முடிவு இது. இப்போதைக்கு 25 சிசி வகுப்பில் ஒன்று, டவுன் வேலைக்கு. புளி வேலை சேர்ந்து வரும்போது 194 அல்லது டி435, எதற்குப் பக்கத்தில் ஆள் இருந்து சர்வீஸ் செய்கிறார்களோ அது. 201, டி540 எங்களுக்கு இப்போது அதிகம். பேட்டரியை வைகைக்கரை அண்ணன் ஒரு நாள் வேலையில் காட்டுவதாகத் தனியே சொல்லியிருக்கிறார்.

பட்டறை அண்ணே, 3.2 மில்லி அரம் இங்கே இரண்டு கடையில் கேட்டேன், 4 மில்லிதான் இருக்கிறது என்கிறார்கள். அதை வைத்துச் சமாளிக்கலாமா?

பட்டறை மேலூர்

கூடாது. 4 மில்லி அரம் அந்தச் சின்னப் பல்லின் குழியில் சரியாக உட்காராது, மேல்முனை மழுங்கிப்போகும். மிஷின் வாங்குகிற கடையிலேயே அரம் அரை டஜன், செயின் இரண்டு சேர்த்துப் பில் போடச் சொல்லுங்கள். அரம் வரவழைக்க முடியாது என்று சொல்கிற கடையில் மிஷினும் வாங்காதீர்கள், நாளைக்கு கிளட்ச் ஸ்பிரிங்குக்கும் அதே பதில்தான் வரும். செயின் வாங்கும்போது பாரில் அடித்திருக்கிற எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். லிங்க் எண்ணிக்கை ஒன்று கூடினாலும் மாட்டாது.